ஒன்பது கிணற்றுத் தண்ணீர்

தென்காசியில் தண்ணீர் பரிசோதனைக் கூடமொன்றில் உமாராணிக்குப் பதினோரு வருஷ வேலை. கீழப்பாவூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பாள். மாதாமாதம் ஒன்பது கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவது மாடக்கண்ணு அண்ணாச்சி. ஒருநாளும் மருந்து தென்பட்டதில்லை. சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டாள்.

அன்று, புதிதாக வந்த உப்புமானி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றிச் சோதித்தாள். அந்தக் கிணறுகளில் சோப்பே நுரைக்காது. இங்கே ஒன்பதிலும் உப்பே இல்லை.

"அண்ணாச்சி, இது எங்கன பிடிச்சது?"

"குத்தாலத்துல குளிக்கப் போனேன், அங்கனயே பிடிச்சிட்டேன். அருவி வத்துனா வீட்டுப் பைப்பு. நீதான் மாசாமாசம் ஒண்ணுமில்லன்னு எழுதுதியே, பெறவு எதுக்கு அலையணும்?"

மகராசன், கூசாமல் சொன்னார். பதினோரு வருஷமும் அவள் கையெழுத்து!

கீழப்பாவூரில் வாக்கப்பட்ட தங்கச்சி முந்தாநாள்தான் போனில் கேட்டிருந்தாள்: "பிள்ளைக்கு எங்க கெணத்துத் தண்ணி குடுக்கலாமாக்கா?"

"நான் பாத்த தண்ணிதான்ட்டி, பயப்படாமக் குடு" என்று சொல்லியிருந்தாள் உமாராணி.