மீன் கீறிய பூச்சாடி

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் அப்பாவை நிறுத்திக் கேட்பார்கள். "பொண்ணு சுற்றுச்சூழல் படிச்சுதே, என்னா வேலை?" அப்பா தையல்காரர், அளவெடுக்காமல் துணியை வெட்டமாட்டார். "பாத்துக்கிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுப்பார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. "மரம் நடவா எம்.எஸ்சி?" என்று ஒருவர் சிரித்தது என் தங்கையின் காதிலேயே விழுந்தது. அந்தக் கோடைக்குள் வேலை கிடைக்காவிட்டால் பி.எட். சேர வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கு வகுப்பறை பிடிக்காது.

நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். செராமிக் கம்பெனிகள் பக்கம் போகும்போது அவளும் வருவாள். நான் ஆட்களைப் பார்ப்பேன். அவள் வாய்க்காலைப் பார்ப்பாள். சாமானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் குழம்பு வாளிகளைக் கழுவி அதில்தான் ஊற்றுவார்கள். ஒருநாள் பச்சை, ஒருநாள் நீலம்.

ஒரு முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாள்: கழுவுநீரைத் தேக்கினால் அடியில் படிவதை மறுபடி பூசலாம், வாய்க்காலும் தப்பும்.

"எல்லாக் கலரும் கலந்தா சேறுதாம்மா வரும்."

"ஒரு தடவ சுட்டுப் பாக்கலாங்க. நல்லா வந்தா வேலை குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய தொட்டியைக் காட்டினார்.

அங்கே பல கம்பெனிகளின் சாமான் ஒரே பொதுச் சூளையில் வேகும். யாருடையது என்று தெரிய அடியில் ஆளுக்கொரு அடையாளம் கீறுவார்கள். அவள் தன் பூச்சாடிகளில் ஒரு மீன் கீறினாள்.

பூசும்போது சேற்று நிறத்தில் இருந்தவை, சூளையிலிருந்து மழைமேக நிறத்தில் வந்தன. "மீன் கம்பெனி யாருதுய்யா?" என்று பக்கத்துக் கம்பெனி ஆட்கள் கேட்டார்கள்.

முதலாளி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீ கப்புல போட்டா அள்ளிக்கிட்டுப் போவாங்க."

"கப்புல வேணாங்க. சில கலர்ல ஈயம் இருக்கும், டீயில எறங்குனா விஷம். சாடிக்கு மட்டும்தான்."

"வேலையே இன்னும் குடுக்கல. அதுக்குள்ள வேணாங்கிற?"

"அத சொல்றதுதாங்க இந்த வேலை."

எனக்கு பி.எட். கண்முன் வந்து நின்றது. முதலாளி மேஸ்திரியிடம் திரும்பினார். "சாடியே போடுய்யா. கப்பு போட்டா இந்தப் பொண்ணே போலீஸக் கூட்டியாந்துரும்." பிறகு அவளிடம், "திங்கக்கிழமை வந்துரும்மா. என்னா வேலைன்னு நீயே ஒரு பேரு வச்சுக்க."

அடுத்த ஞாயிறு வாசலில் அதே கேள்வி.

"செராமிக் கம்பெனியில இருக்குது" என்றார் அப்பா. "அங்கேருந்து தண்ணி வெளிய போவணும்னா எம் பொண்ணக் கேட்டுத்தான் போவும்."

அன்று அவர் சைக்கிள் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் யாராவது கேட்பார்களா என்று நின்றுகொண்டிருந்தார்.