மூன்றாம் நம்பர் மிஷினின் பாட்டு

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் என் அக்காவுக்கு வேலை. ஆளுயர மிஷின்கள் போடும் கூச்சல் மற்றவர்களுக்குத் தலைவலி. அவளுக்கு அதுதான் சரக்கு. டிரம் சுற்றுவது, தண்ணீர் வடிவது, இஸ்திரி மிஷின் நீராவி விடுவது எல்லாவற்றையும் போனில் பிடித்து வருவாள். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டி, திருப்பி ஒட்டி, அதன் தலையில் வயலின்களையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஏற்றுவாள். இப்படியே ஓர் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு தேறிவிட்டது. முதலில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஐந்தாவது பாட்டில் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்கா புருஷன் அதே கூடத்தில் மெக்கானிக். சத்தம் போடும் மிஷினை அடக்குவதுதான் அவர் தொழில். "நான் நாள் பூரா அதுங்க வாய மூட வைக்கிறேன், இவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பேச வைக்கிறா" என்பார். ஒரு பாட்டைக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். உள்ளுக்குள் அரித்தது எனக்குத் தெரியும்.

கடைசியான ஒன்பதாவது பாட்டு மூன்றாம் நம்பர் மிஷினுக்கு. வேகம் பிடிக்கும்போது அது அடித்தொண்டையில் உறுமும். உறுமல் மெல்ல மேலேறி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி ஏறும். அதற்கே வயலின்களைச் சுருதி சேர்த்து, மிஷினோடு சேர்ந்து வாசிப்பதாகத் திட்டம். போனில் பிடித்தது எதுவும் உதவாது. எல்லாவற்றிலும் சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அதனால் விடுமுறை நாளில் கூடத்தைத் திறக்க அனுமதி வாங்கினாள். மூன்று வயலின்காரர்கள், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவோடு ஒரு செல்லோக்காரம்மா, 'இடி' என்று நாங்கள் கூப்பிடும் கிட்டார்காரர் வந்து சேர்ந்தார்கள். செல்லோக்காரம்மா மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார், திரும்பி வர ஒரு வருஷம். அன்றைக்கு விட்டால் பாட்டு கிடையாது.

மைக்குகளை வைத்து முடித்ததும் அக்கா பட்டனை அழுத்தினாள். மூன்றாம் நம்பர் பூனை நடப்பதுபோல் சுற்றியது.

"என்னாச்சு இதுக்கு?" என்றாள்.

அக்கா புருஷன் வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தார். "ரெக்கார்டிங் நல்லா வரணும்ல? நேத்து உக்காந்து பேரிங் மாத்திட்டேன். பெல்ட்டும் புதுசு. துளி சத்தம் வராது பாரு."

அவரையே அந்த டிரம்மில் போட்டுச் சுற்றினால் என்ன என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "மாமா, அந்தச் சத்தம்தான் பாட்டே!" என்று கத்திவிட்டேன். பழைய பேரிங்கையாவது திரும்ப மாட்டலாம் என்றால், அது முந்தின நாளே காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அவர் முகம் தொங்கிப் போயிற்று. அக்காவால் திட்டவும் முடியவில்லை. அவளுடைய பாட்டுக்காக அவர் செய்த முதல் காரியம் அது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழாத. அது எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா?" என்று அவர் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு உறுமினார். ஏறினார், விக்கினார், மறுபடி ஏறினார். ஒரு வயலின்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். செல்லோக்காரம்மா சிரிக்கவில்லை. வில்லை எடுத்து அந்த உறுமலைத் தந்தியில் தேடிப் பிடித்தார். வயலின்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து ஒட்டின. இடிகூட அன்றைக்கு அடக்கி வாசித்தார். அக்கா அழுகையை மறந்து, அந்தக் குரலை அங்கேயே கம்ப்யூட்டரில் வெட்டி, சுருதியைக் கீழே இறக்கி, மேல் மேலாக அடுக்கி ஸ்பீக்கரில் விட்டாள். கூடமே அதிர்ந்தது.

ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மாமா கடைசி வரை கேட்டார். எல்லாரும் கை தட்டினோம். அவர் மட்டும் தட்டவில்லை.

"விக்கல் கொஞ்சம் முன்னாடியே வந்துருச்சு" என்றார் அக்காவிடம். "இன்னொரு தடவ எடுப்போமா?"