டெல்மரின் ஸ்கேனர் தாண்டிப்போன எண்

எங்கள் வடக்கு டகோட்டா ஊரில் யார் வீட்டு மாடு எப்போது வேலி தாண்டியது என்பதைக்கூட டெல்மரைக் கேட்டால் தெரியும். சூரியகாந்தி விவசாயிதான், ஆனால் வயலைவிட, ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் பெட்டி மேல்தான் உயிர். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று எல்லோர் பேச்சையும் அதில் கேட்டுவிட்டுக் காலையில் என் காபிக்கடையில் வந்து ஒப்பிப்பார்.

மாவட்டத்து ரேடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியதும் பழைய பெட்டி ஊமையானது. மனிதர் பித்துப் பிடித்தவர்போல் திரிந்தார். புதிது வாங்கி, ஒவ்வொரு பிரிவின் சேனல் எண்ணையும் தேடித் தேடி ஏற்றினார். எல்லாம் பேச ஆரம்பித்தபின், சாலையில் பனி தள்ளுகிறவர்களின் எண்ணை மட்டும் ஸ்கேனர் கேட்காமல் தாண்டிப்போகும்படி வைத்துவிட்டார். அவர்கள் நாள் முழுக்க அளக்கும் கதையில் முக்கியமானது தவறிப்போகிறதாம். அந்தப் பனி தள்ளும் லாரிகளில் ஒன்றை ஓட்டியது அவருடைய தம்பி ராய்ஸ். மனம் நோகுமே என்று அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரிப் புயலில், பட்டப்பகலில், அண்ணன் வயலோரம் ராய்ஸின் லாரி பள்ளத்தில் இறங்கியது. அங்கே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. அடிபடவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று ரேடியோவில் சொன்னான். இன்னொரு லாரி ஓட்டும் கர்ட் இழுத்துவிடக் கிளம்பினான். அவனோ மாவட்டத்தின் மறுகோடியில் இருந்தான். குளிருக்காக ராய்ஸ் இஞ்சினை அணைக்கவில்லை. புகைக்குழாயைப் பனி மூடி, புகை உள்ளே வந்தது. கர்ட் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அவன் பேச்சு காதில் விழுந்து டெல்மர் டிராக்டரோடு போயிருந்தால் பிழைத்திருப்பான்.

மறுநாள் கர்ட் என் கடையில் உட்கார்ந்து அழுதான். "'அண்ணே, கேக்குதா? உன் வயலோரந்தான் கெடக்கேன், டிராக்டர எடுத்துட்டு வா'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான். போகப்போக நாக்கு கொழறுச்சு. குளிருல நடுங்குறான், டெல்மர் அண்ணன் கேட்டுட்டு வந்துருவாருன்னு நெனச்சேன்."

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு போட்டார்கள். டெல்மர் தட்டைத் தொடவில்லை. கர்ட் பக்கத்தில் போய், தம்பி தன்னைக் கூப்பிட்டானா என்று கேட்டார்.

கர்ட் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரே ஒரு தடவதாண்ணே."

டெல்மர் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவ கூப்புட்டுட்டு விடுற ஆளாடா அவன்?"