விளக்கெண்ணெய் மாமனார்

என் மாமனார் ஹரிஷங்கர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பவானிபூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வைத்தியர் என்றுதான் சொல்வார்கள். வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: விளக்கெண்ணெய். முட்டி வலியா, ரயில் பாதையோரம் தானாக முளைத்துக் கிடக்கும் ஆமணக்கின் இலையைப் பறித்து வந்து, எண்ணெய் தடவி, அனலில் வாட்டிக் கட்டுவார். கண் எரிச்சலா, இமைமேல் ஒரு சொட்டு. மற்ற எல்லாவற்றுக்கும் பேதி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் தங்கப் போனவனுக்கு ஊரில் விருந்து வைப்பார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை காபியில் விளக்கெண்ணெய் கலந்து வைத்தார். அன்று முழுக்க நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"வயிறு சுத்தமாயிடுத்தா மாப்பிள்ளை?" என்று கதவுக்கு வெளியே நின்று விசாரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

இந்த மனுஷருக்குப் பெண்ணாகப் பிறந்த என் மனைவி மாதங்கி, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பிக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டைதான். எண்ணெய் குடலில் உடைந்து ரிசினோலியிக் அமிலமாகிறது, அது குடல் தசையை முறுக்குகிறது, இதில் மகிமை என்ன வேண்டிக்கிடக்கிறது என்பாள். விதையிலிருக்கும் விஷம் எண்ணெயில் இறங்குவதில்லை, அதனால்தான் நீ இன்னும் ஜெயிலுக்குப் போகவில்லை என்பாள்.

"பாத்தியா, வேலை செய்யறதுன்னு நீயே ஒத்துண்டுட்டே" என்று அவர் நிம்மதியாக ரசம் சாதத்தைப் பிசைவார்.

அப்படிப்பட்டவளுக்குப் பிரசவ தேதி தாண்டியும் வலி எடுக்கவில்லை. திங்கட்கிழமை வாருங்கள், வலி வர மருந்து ஏற்றிப் பார்ப்போம், இல்லையென்றால் ஆபரேஷன் என்றார் டாக்டர். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம். மறுநாள் காலை அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, எனக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடேன். அது கர்ப்பப்பையையும் முறுக்கும். வலி வந்துடும்."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னுதான் நினைக்கறேன். நிச்சயமாத் தெரியாதுப்பா."

நான் தடுக்க எழுந்தேன். மாமா அதற்குள் பாட்டிலைத் திறந்துவிட்டார். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர, ஊற்றவில்லை. பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தார்.

"மாப்பிள்ளை, வண்டி கூப்பிடுங்கோ. திங்கட்கிழமை வரைக்கும் என்னத்துக்குக் காத்திண்டிருக்கணும்? டாக்டரையே கேட்போம்."

டாக்டர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாய் அது. வண்டியில் அவர் மாதங்கியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"ஊர்ல அத்தனை பேருக்கும் யோசிக்காமக் கொடுத்தியேப்பா. எனக்கு மட்டும் ஏன் பயந்தே?"

"அவாளெல்லாம் என் பொண்ணு இல்லையேடி" என்றார் மாமா.

முன் சீட்டில் இருந்த எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காபி ஞாபகம் வந்தது; திரும்பிப் பார்க்கவில்லை.