எதிர்ச்சுவரில் ஓர் ஆணி

முப்பத்திரண்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். முதல் வீட்டைத் தவிர மற்ற ஆறிலும் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. கேட்கிறவர்கள் கொட்டாவி விடும்வரை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வது பெருமைக்காக இல்லை.

முதல் வீடு நாகர்கோவிலில். கல்யாணமான புதிது. என் கணவருக்கு ஆணி அடிப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. காலண்டருக்கு ஒன்று, சாமி படங்களுக்கு மூன்று, சட்டைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தபோது வீட்டுக்காரர் ஒரு பென்சிலோடு வந்தார். ஒவ்வோர் ஓட்டையையும் வட்டம் போட்டு, ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பதினொன்று வந்ததும் என்னைப் பார்த்து, "சொந்த வீடா இருந்தா இப்படிக் குத்துவியளா?" என்றார்.

என் கணவர் சிரித்து மழுப்பிவிட்டார். அவருக்கு அது வராந்தாவைத் தாண்டும்போதே மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை. திருவனந்தபுரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், இனி நம் கையால் எந்தச் சுவரிலும் ஓட்டை விழக்கூடாது என்றேன். சரி என்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சுத்தியல் அன்றைக்குச் சாக்குப் பைக்குள் போனது. அவர் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

அவருக்குத் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எத்தனை மணிக்குச் சேரும் என்பதுதான் அவருடைய முப்பது வருஷ உலகம். நானும் அதே தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடப் போனேன். வீடுகள் மாறின. ஆணியில்லாமல் வீட்டை அழகாக வைப்பதில் நான் கைதேர்ந்தவளானேன். சாமி படங்களை அலமாரி மேல் சாய்த்து வைத்தேன். காலண்டர் பீரோ கைப்பிடியில் தொங்கும். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் நடுவில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் போட்டோக்களை மாட்டினேன். பழைய பட்டுச் சேலையைத் திரைக் கம்பியில் தொங்கவிட்டு ஒரு சுவர் முழுக்க மறைத்திருக்கிறேன். ஒட்டும் டேப் எதையும் வெடுக்கென்று பிய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, சுவரோடு கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். பின்னாளில் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நானும் டாக்டர் மாதிரி அவர்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். புது வீட்டுக்குள் போன முதல் நாள், முன்பே சுவரில் இருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுவேன். யாரோ அடித்ததற்கு நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டி வரும் என்கிற பயம். பிடுங்கிய ஓட்டையில் பெயின்ட்காரர்கள் பூசும் பட்டியைக் குழைத்து அடைத்து, பழைய சிம் கார்டு அட்டையால் வழித்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளை தடவினால் போதும். வீட்டுக்காரர்களிடம் இதற்கு அனுமதி கேட்டதில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன். வலியசாலைக்கு அப்பால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் இருந்த ஏழாவது வீட்டில் இப்படி நான்கு ஆணிகள். ஹாலில் மூன்று, படுக்கையறையில் ஒன்று.

அந்த வீட்டில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். கழுத்து இரண்டு பக்கமும் சரியாகத் திரும்பாது. மல்லாந்து படுத்தால் எதிரே தெரிவது ஒரு சுவர் மட்டும்தான். அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேர் என்று, நான் விரும்பிய மாதிரி இருந்தது.

மகன் பெங்களூரில். ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போனான். வீட்டுச் செலவுக்கு நான் வேலையை விட முடியாது. மத்தியானம் ஒரு மணிக்குப் போய் ஐந்துக்குத் திரும்புகிற மாதிரி கடையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நான்கு மணி நேரமும் அவர் தனியாகப் படுத்திருப்பார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். அவள் நடுநடுவே வந்து தண்ணீர் கொடுப்பாள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. தலைமாட்டு ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் அதன் வழியாக வந்து எதிர்ச்சுவரில் விழும். பொழுது சாயச் சாய மேலே ஏறும். "வெயிலு அந்த எடத்துக்கு வந்தா நீ வந்துருவ. மூணு நாளாப் பாக்கேன். ஒரு பென்சில் வச்சு கோடு போடு" என்றார்.

பென்சில் கோட்டை அந்தப் பெயின்ட்டிலிருந்து சுத்தமாக அழிக்க முடியாது. அதனால் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். வேண்டும்போது எடுத்துவிடலாம் அல்லவா? அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "சொவருக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆறு வீடுகளில் நான் செய்த அலங்காரங்கள் எதையும் அவர் இப்படிப் பாராட்டியதில்லை.

ஆனால் நாளாக நாளாக வெயில் வலப்பக்கம் நகர்ந்தது. பொட்டை இரண்டு முறை இடம் மாற்றினேன். பிறகு மழை வந்துவிட்டது. இந்த ஊரில் மழை வந்தால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். சுவர் நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தது.

அப்போதுதான் அவர் கடிகாரத்தைக் கேட்டார். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி அவருக்கே கொடுத்துவிட்ட கடிகாரம் அது. வெளியே நிற்கும் லாரி டிரைவருக்கும் தெரிகிற பெரிய எண்கள். நல்ல கனம். கண்ணில் புரை இருந்ததால் கைக்கடிகாரம் அவருக்குப் பிடிபடவில்லை. போனை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து இரண்டு முறை மூக்கில் போட்டுக்கொண்டார். பெரிய கடிகாரத்தை ஸ்டூலில் வைத்தால் தலை திரும்பவில்லை. கால்மாட்டு நாற்காலியில் வைத்தால் கட்டில் பலகை மறைத்தது. "எதுக்க ஒரு ஆணி அடிச்சு மாட்டு. ஒண்ணே ஒண்ணு" என்றார்.

ஒரு போன் செய்து வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்பதே எனக்குத் தலைகுனிவாகப் பட்டது. மகனிடம் சொன்னேன், அவன் ஆணி வேண்டாத ஸ்டிக்கர் கொக்கிகள் ஒரு பாக்கெட் அனுப்பினான். நான்கைச் சேர்த்து ஒட்டி, அதில் கடிகாரத்தை மாட்டினேன். ஒன்பது நாள் அது சுவரில் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் சொன்ன வேளைக்குச் சாப்பிட்டார், சொன்ன வேளைக்குத் தூங்கினார். கடைக்குப் புறப்படும்போது, "அஞ்சே காலுக்கு மேல ஆக்காத" என்று கணக்காகச் சொல்லி அனுப்பினார்.

பத்தாம் நாள் நல்ல மழை. சுவர் வியர்த்து ஈரமாக இருந்தது. நான் அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது கொக்கி நான்கும் கழன்று கடிகாரம் விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டது. கொக்கியோடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் உரிந்து வந்துவிட்டது.

நான் டம்ளரை வைத்துவிட்டு ஓடியது சுவரைப் பார்க்கத்தான். கடிகாரம் கீழே கவிழ்ந்து கிடந்து ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அதை எடுக்கவில்லை. உரிந்த இடத்தைத் தடவித் தடவி, ஐயோ ஐயோ என்று புலம்பிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆணி போதுமே பிள்ளே" என்றார்.

"முப்பது வருஷமா இல்லாத வழக்கம் இப்ப எதுக்கு? நாளைக்கு அந்தம்மா வந்து நின்னு எண்ணணுமா?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆணி என்ற சொல்லை எடுக்கவில்லை. இரண்டு நாளில் நான் உரிந்த இடத்துக்குப் பட்டி பார்த்து வெள்ளை அடித்துவிட்டேன். கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன்.

கடிகாரம் இல்லாததால் அவர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். "இஞ்சேரு, மணி என்ன?" குளிப்பாட்டும்போது கேட்பார். கஞ்சி ஊட்டும்போது கேட்பார். சொன்ன ஐந்து நிமிஷத்தில் மறுபடி கேட்பார். ஒரு நாள் கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டார். "எதுக்கு இப்படி மணி மணின்னு உயிரை வாங்குதிய? உங்க லாரி ஏதும் போகாம நிக்குதா?" என்றேன்.

அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். மறுநாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு காலையில் போய்விட்டார். காரியங்கள் முடிந்து மகனும் ஊருக்குப் போனபிறகு எதிர்வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஏதோ பேச்சில், மலையாளம் கலந்த தமிழில், "அண்ணன் என்னைக் கண்டா மணிதான் கேக்கும் கேட்டோ. அஞ்சாவ இன்னும் எத்தர நேரம் இருக்குன்னு. நான் அஞ்சு நிமிஷம் முன்ன வந்து சொல்லியிருப்பேன், பின்னயும் அதே கேள்வி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கடைசி நாள் வரைக்கும் கேட்டாரா?" என்றேன். "கேட்டாரே. அக்காட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லும்" என்றாள்.

என்னிடம் கேட்பதை மட்டும்தான் அவர் நிறுத்தியிருக்கிறார். மணி தெரியாமல், வெயில் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் வர இன்னும் எவ்வளவு நேரம் என்று அந்த மனிதர் தினமும் படுத்திருந்திருக்கிறார். நான் அந்தச் சுவரைத்தான் பாதுகாத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அதற்குமேல் இருக்கப் பிடிக்கவில்லை. காலி செய்கிற அன்று காலையில், பழக்க தோஷம், எதிர்ச்சுவரில் இருந்த பொட்டை எண்ணெய் தொட்டு ஊறவைத்து எடுத்துவிட்டேன். எடுத்தபிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதற்குள் விரலிலிருந்து எங்கோ உதிர்ந்துவிட்டது. கையால் தரை முழுக்கத் துழாவினேன், கிடைக்கவில்லை.

பத்து மணிக்கு வீட்டுக்கார அம்மா வந்தார். மலையாளத்தோடு தமிழும் கலந்து பேசுவார். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், படுக்கையறையில் எதிர்ச்சுவர் முன்னால் நின்றார்.

"இவிடே ஒரு ஆணி உண்டாயிருந்துல்லோ? கட்டில்ல கிடந்தா மணி காணணும்னு நான் அடிச்சது. எங்க போச்சு?"

படுக்கையறையில் ஓர் ஆணி என்று மேலே எழுதினேனே, அது இதுதான். முதல் நாள் நானே பிடுங்கி நானே அடைத்தது. அடைத்த கையோடு அதை மறந்தும் போயிருந்தேன். சுவரில் கையை வைத்துத் தேடினேன். இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றிய இடமெல்லாம் தடவினேன். சுவர் வழவழவென்று இருந்தது. ஓட்டை இருந்த இடம் எனக்கே அகப்படவில்லை. அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்கிறேன்.

"பரவாயில்லை சேச்சி" என்று அவர் என் தோளைத் தொட்டார். "இப்படி வீட்டை வச்சிருக்கிற ஆளை நான் கண்டதே இல்லை. ஆளு தாமசிச்ச வீடுன்னே தோணலை."

ஆள் குடியிருந்த வீடு மாதிரியே இல்லை என்கிற இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் முப்பது வருஷம் காத்திருந்தேன். கேட்டதும் கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது தம்பானூர் பக்கம் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். சாவி வாங்கும்போதே, ஓர் ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அதுக்கென்ன, அடிச்சுக்கோங்க என்றார், போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல். சாக்குப் பையில் என் கணவருடைய சுத்தியல் துருப்பிடித்துக் கிடந்தது. கட்டிலுக்கு எதிரே நானே அடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விரிசல் விட்ட கண்ணாடியோடு கடிகாரத்தை மாட்டி, சாவி கொடுத்து, கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பாமலே மணி நன்றாகத் தெரிந்தது.