தேர்தல் முடியட்டும் என்று ஒரு தவணை

தேர்தல் வருடத்தில் மேல் நீதிமன்ற நியமனம் எப்படி நடக்கும் என்று இளம் நீதவான்கள் என்னைக் கேட்பதுண்டு. நீதிச்சேவை ஆணைக்குழு பரிந்துரைக்கும், ஜனாதிபதி நியமிப்பார். அது சட்டத்தில் உள்ளது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

திருகோணமலையில் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது என் பெயர் பரிந்துரைக்குப் போயிருந்தது. தேர்தலும் அறிவித்தாயிற்று. அப்போது என் முன்னால் இருந்தது புல்மோட்டைப் பக்கத்துக் கரைவலை வழக்கு. வலைச் சொந்தக்காரி சபீனா உம்மாவின் ஆட்கள் வலை இழுக்கும் கரையை ஓர் அரசியல்வாதியின் மைத்துனர் வேலி போட்டு மறித்துவிட்டார். வேலியை அகற்ற உம்மா கட்டளை கேட்டிருந்தார். மீன் படும் பருவம் அது. தப்பினால் அந்த வலையை நம்பிய குடும்பங்களில் அடுப்பெரியாது.

கட்டளை சொல்லவேண்டிய காலையில், மைத்துனரின் சட்டத்தரணி என் சேம்பருக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், கட்டளையை மாத்தச் சொல்லேல்ல. வழக்கைத் தள்ளி வைச்சு, தேர்தல் முடிய ஒரு தவணை போடுங்கோ, அது காணும். உங்கட நியமனமும் கையெழுத்துக்குத்தானே கிடக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சேவைக்கு இவர் விலை போடுகிறார்!

"ஓம், நல்லது. இதை வெளியில மன்றில வந்து சொல்லுங்கோ, பதிஞ்சுகொள்ளுவம்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்.

ஆசனத்தில் அமர்ந்ததும் முதலில் அந்த வழக்கையே கூப்பிடச் சொன்னேன். மன்று நிரம்பியிருந்தது.

"சட்டத்தரணி அவர்களே, சேம்பரில தவணை கேட்டனீங்கள். என்ர நியமனத்தைப் பற்றியும் ஒரு கதை சொன்னனீங்கள். இப்ப எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

மனிதர் அரைகுறையாக எழுந்தார். "அப்படி ஒண்டுமில்லை, மேடம்."

"அப்ப தவணையும் தேவையில்லை."

வேலியை அகற்றும்படி கட்டளையை வாசித்தேன். சபீனா உம்மா கையேந்தி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தக் கிழமையே வலை கடலில் இறங்கியது.

என் நியமனம் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை. அடுத்த தேர்தல் வருடத்தில் மறுபடியும் பரிந்துரை. வேறு கட்சி, வேறு ஆள், அதே கதை. அவரையும் மன்றில் எழுப்பிக் கேட்டேன். மாவட்ட நீதிபதியாகவே ஓய்வு பெற்றேன். வருத்தம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மேல் நீதிமன்ற ஆசனத்துக்கு ஆசைப்பட்டவள்தான் நான்.

ஆனால் பிள்ளைகளே, நியமனம் அவர்கள் கையில். தரட்டும், விடட்டும். கட்டளை உங்கள் கையில் இருக்கிறது. எந்தத் தேர்தலுக்காகவும் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.