விக்கெட் பாட்டுக்குத் திரும்புகிறவள்

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத என் மகள், மைதானத்தில் விக்கெட் விழும்போது ஊதுகிற பாட்டுக்கு மட்டும் ஏன் திரும்புகிறாள்? அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது.

எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் மைதானம், மைதானத்தைத் தாண்டினால் வாவி. எழுதும்போதுதான் வாவி; வாயில் வருவது ஆறு. ஓங்கி அடித்த பந்து ஆற்றில் விழும், இல்லாவிட்டால் எங்கள் கிணற்றடியில் விழும். கிணற்றடியில் விழுந்த பந்துகளை வேலிக்கு மேலால் எறிந்து எறிந்தே எனக்குக் கிரிக்கெட் பிடித்துப்போனது.

மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் இங்கே பப்பரே வாத்தியம் இல்லாமல் நடக்காது. ஒரு ட்ரம்பெட், இரண்டு ட்ரம், மூன்று பேர். ட்ரம்பெட்காரருக்கு முன்னால் ஒரு மைக். அதன் ஸ்பீக்கர் பெட்டியை எங்கள் வேலியோரம்தான் வைப்பார்கள். வாசிப்பதெல்லாம் சினிமாப் பாட்டு. ஆனால் கண்டபடி வாசிப்பதில்லை. நான்கு ஓட்டத்துக்கு ஒரு பாட்டு, ஆறு ஓட்டத்துக்கு ஒரு குத்துப் பாட்டு. அடிக்காமல் மறித்துக்கொண்டே நிற்பவருக்குத் தாலாட்டு. ஆட்டமிழந்து போகிறவருக்கு எப்போதும் ஒரே காதல் தோல்விப் பாட்டு; விக்கெட் பாட்டு என்போம். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை அது அவருக்குப் பின்னாலேயே போகும். அடுத்தவர் உள்ளே கால் வைத்ததும் பாட்டு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். அதனால் எத்தனையோ பாட்டுகளின் பல்லவி எனக்குத் தலைகீழ்ப் பாடம். சரணம் தெரியாது.

விக்கெட் பாட்டின் சரணத்தைச் சிறு வயதில் ஒரே ஒரு முறை கேட்டேன். இலங்கை அணி விளையாடிய பெரிய இறுதிப் போட்டி ஒன்றைக் கழகத்தார் மைதானத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். நம் அணியின் கடைசி விக்கெட்டும் போயிற்று. அடுத்து வர ஆள் இல்லை. ட்ரம்பெட்காரரும் நிறுத்தவில்லை. பல்லவியைக் கடந்து சரணத்துக்குள் போனார். நடுவில் மூச்சு முட்டி ஓரிடம் பிசகியது. யாரும் சிரிக்கவில்லை. கதிரைகளை அடுக்கிக்கொண்டே கேட்டோம். பிறகு அதே பாட்டை வானொலியில் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த இடம் பிசகாமல் போவது எனக்கு ஏதோ குறையாகவே படும்.

இங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பது. அதனால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிறகும், ஆசிரியையாக வேலை கிடைத்த பிறகும், கல்யாணத்துக்குப் பிறகும் நான் மைதானத்தை விட்டுப் போகவில்லை. மாங்கேணிக்காரரான என் கணவர்தான் மைதானத்திடம் வந்து அகப்பட்டுக்கொண்டார். அவர் வங்கியில் வேலை செய்கிறார். அமைதியான மனிதர்.

“என்னத்துக்கு இப்ப ஊதுறாங்க?” என்று கல்யாணமான புதிதில் கேட்டார்.

“நாலு அடிச்சிட்டாங்க.”

“நாலு அடிச்சதுக்கே இந்தப் பாடெண்டா, நூறு அடிச்சா ஊர விட்டே ஓடணும் போல.”

மகள் பிறந்த பிறகும் பின்னேரங்களில் அவளைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நிற்பேன். அவள் அழவில்லை, பயப்படவில்லை. அது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு வயதைத் தாண்டியும் அவள் பேசவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வீடு வீடாக வருகிற மருத்துவமாது ஒரு நாள் கேட்டார்: “கூப்பிட்டாக் கிறுகிப் பாக்குறாவா, புள்ள?”

நான் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் மணலில் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கைதட்டினேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். மருத்துவமாது முகத்தை மாற்றாமல், காது பரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நாள் எடுத்தோம். அந்த நாள் வருவதற்குப் பல வாரங்கள் இருந்தன.

“அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில கொண்டு நிண்டதுதான்,” என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

“அவள் ஒரு நாளும் காதப் பொத்தினதில்லயே.”

“கேட்டாத்தானே பொத்துறதுக்கு.”

அந்த வாரங்களில் நான் வேலிப்பக்கமே போகவில்லை. போட்டி நடக்கும் நாட்களில் யன்னல்களைச் சாத்தி உள்ளேயே இருந்தோம். அவளுக்குப் பின்னால் போய்க் கரண்டியைத் தட்டுவேன், கதவை அடிப்பேன். சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்பமாட்டாள். திரும்பினால், சத்தத்துக்குத்தான் திரும்பினாளா, என் நிழலைக் கண்டு திரும்பினாளா என்று யோசிப்பேன். பிறகு நிழல் விழாத பக்கம் போய் நின்று மறுபடியும் தட்டுவேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஐயா காலமானார். அவர்கள் கத்தோலிக்கர். ஐயா ஒரு போட்டியையும் தவறவிட்டதில்லை. அவருடைய மகன்தான் கழகத்தின் அணித்தலைவர். அடக்கத்தன்று செத்த வீட்டுக்கு மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். விட்டுவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லை.

கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குப் போகிற ஊர்வலத்துக்கு வாத்தியம் வந்திருந்தது. அதே மூன்று பேர்தான், வெள்ளைச் சட்டையில். முதலில் தேவாலயப் பாடல்களை வாசித்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. பெண்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள். அப்போது ட்ரம்பெட்காரர் சோகமான ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். விக்கெட் பாட்டு. ஐயாவுக்குப் பிடித்த பாட்டென்று வீட்டாரே கேட்டிருந்தார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

என் தோளில் தலை சாய்த்துக் கிடந்த மகள் நிமிர்ந்தாள். வாத்தியக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள், உடம்பை முறுக்கி அந்தப் பக்கம் திரும்பினாள். வலது கையின் சுட்டுவிரலை ஆகாயத்துக்கு நீட்டினாள். நடுவர் காட்டுகிற மாதிரியே. அவுட்.

நான் விரலை மடக்கினேன். மறுபடியும் நீட்டினாள். மடக்கினேன். மற்றக் கையை நீட்டினாள். எனக்கு முன்னால் நின்ற பெண் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெட்டியைத் தோளில் வைத்திருந்த ஐயாவின் மகனும் கண்டுவிட்டார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி, இவளுக்கு ஒண்டும் விளங்காது,” என்றேன்.

“உடுங்கக்கா,” என்றார். “அம்பயர் சரியாத்தான் குடுத்திரிக்கா. அப்பா அவுட்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பெட்டி வாசற்படலையைத் தாண்டியது. பாட்டு நிற்கவில்லை, சரணத்துக்குள் போயிற்று. மகளுக்கு அது புதிது. விரலை நீட்டியபடியே படலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆள் உள்ளே வருவார், பாட்டு நிற்கும் என்று பார்த்தாள் போல.

நான் அழுதேன். ஐயாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவளுக்குக் காது கேட்கிறது என்பது மட்டும்தான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தொலைபேசியில் அதே பாட்டைத் தேடி எடுத்து, மகளுக்குப் பின்னால் மெதுவாகப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. “பாத்தியா?” என்றார். நான் அந்த மெட்டை முணுமுணுத்தேன். திரும்பினாள், விரலை நீட்டினாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் பரிசோதனை நடந்தது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன என்றார் வைத்தியர். சின்னப் பிள்ளையை இனி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், தூரத்தில் நின்று கேளுங்கள் என்றும் சொன்னார். நான் செத்த வீட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, “அப்ப பேருக்கு ஏன் திரும்புறா இல்ல எண்டது வேற கேள்வி. அதையும் பாக்க வேணும், அம்மா,” என்று பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் அனுப்பினார். மாதா மாதம் போகிறோம். அவர்கள் இன்னும் அவளைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்ன பிரச்சினை என்று இதுவரை பெயர் சொல்லவில்லை. “அவவுக்குப் பிடிச்சதுக்குள்ளால போங்க,” என்றார் பயிற்சி தருகிறவர்.

பிடித்தது எது என்று யோசிக்கத் தேவையில்லை. ட்ரம்பெட்காரர் பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். மகளைக் கூட்டிக்கொண்டு போய், இவளுடைய பெயருக்கு ஒரு சின்ன மெட்டு வேண்டும் என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. அவர் அதிசயமாகப் பார்க்கவில்லை. பெயரை என்னை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். கையைத் துடைத்துவிட்டு, சத்தம் குறைய ட்ரம்பெட்டின் வாய்க்குள் ஒரு சீலைத்துண்டை அடைத்துக்கொண்டு ஊதினார். மூன்று எழுத்துக்கு மூன்று சுரம், கடைசிச் சுரம் கொஞ்சம் ஏறி நிற்கும்.

கழற்றி வைத்திருந்த மோட்டார் சைக்கிள் சில்லை உருட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரை நோக்கி விரலை நீட்டி, “அவுத்,” என்றாள். அதுதான் அவள் முதலில் பேசிய சொல்.

“என்ன மனே, நான் இன்னும் மட்டையே தூக்கல்ல. அதுக்குள்ள அவுட்டா?” என்றார் அவர்.

இப்போது வீட்டில் நான் அந்த மெட்டில்தான் அவளைக் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் திரும்புகிறாள். குளிப்பதற்கு ஒரு பாட்டு, சோற்றுக்கு ஒரு பாட்டு என்று எங்கள் வீடும் மைதானம் மாதிரி ஆகிவிட்டது. சொற்களும் ஒன்றிரண்டு வருகின்றன. ஆனால் மெட்டில்லாமல் வெறும் பெயரைச் சொன்னால் பழையபடிதான்.

கணவர் இப்போது மைதானத்தைக் குறை சொல்வதில்லை. போட்டி நாட்களில் அவரே மகளைத் தூக்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து தூரமாக, ஆற்றங்கரைப் பக்கம் போய் நிற்கிறார். ஆனால் பெயர் விஷயத்தில் எங்களுக்குள் தினமும் வாக்குவாதம்.

“வாற வருசம் நேசரிக்குப் போகப்போறாள். டீச்சர் ட்ரம்பெட் ஊதியா இடாப்பில பேர் கூப்பிடுவா?”

“அதுக்கிடையில பழகிடுவாள்.”

“நீ பாட்டுலயே கூப்பிட்டா அவள் எப்பிடிப் பழகுறது?”

நானும் ஒரு டீச்சர். என் வகுப்பில் முப்பது பிள்ளைகளை வெறும் பெயரால்தான் கூப்பிடுகிறேன், கையை உயர்த்துகிறார்கள். ஒரு நாள் மெட்டை விட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து வெறும் பெயர்தான். மத்தியானம்வரை அவள் ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, பாடிவிட்டேன். அது அவளுக்காகவா, எனக்காகவா என்றும் தெரியவில்லை.

பயிற்சி தருகிறவரிடம் கேட்டேன். மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். எதை முதலில் குறைப்பது, எப்போது குறைப்பது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. அடுத்த மாதம் கேட்பேன். அதற்குள் உங்களையும் கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதினேன்.

பெயருக்குத் திரும்பாத பிள்ளையை வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். பாட்டாலோ வேறு எதனாலோ கூப்பிட்டீர்களா? அதை எப்போது விட்டீர்கள்? விட்ட பிறகு, வெறும் பெயருக்கு உங்கள் பிள்ளை திரும்பியதா?